கும்பிட முடியாதவரையும் கைவிடாத குணசீலப் பெருமாள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முசிறி செல்லும் பேருந்து, காவிரிப் பாலத்தைக் கடந்து, திருவரங்கத் தீவின் வழியே சென்று, கொள்ளிடத்தையும் தாண்டி வடகரையை அடைகிறது. டோல்கேட்டில் மேற்கே திரும்பி, மும்மூர்த்திகளும் எழுந்தருளியிருக்கும் உத்தமர்கோயிலைக் கடந்துவிட்டால், நகரத்தின் இரைச்சல் மெல்லப் பின்தங்குகிறது. இடப்புறம் ஆறு, வலப்புறம் வயல். வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சாலையோடு கூடவே வருகின்றன. முக்கொம்பில் காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரியும் ஆறு, அதற்கு மேற்கே ஒரே பெருக்காக, அகண்ட காவிரியாக விரிந்து கிடக்கிறது. அந்த அகண்ட காவிரியின் வடகரையில், திருச்சியிலிருந்து 20 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருக்கிறது குணசீலம்.

இங்கே மூலவர் பிரசன்ன வேங்கடாசலபதி. திருமலைக்குச் செல்ல இயலாதவர்கள் தங்கள் பிரார்த்தனையை இங்கே செலுத்தும் வழக்கம் உண்டு. நின்ற திருக்கோலத்தில், கையில் செங்கோல் ஏந்திப் பெருமாள் சேவை சாதிக்கிறார். தாயாருக்குத் தனிச் சந்நிதி கிடையாது. திருமார்பிலேயே மகாலட்சுமி உறைகிறாள். 'பிரசன்னம்' என்ற சொல்லுக்குத் தெளிவு என்றும், மகிழ்ந்த முகம் என்றும் பொருள். கலங்கிய மனத்தோடு வருபவர்களுக்காகவே இப்படி ஒரு திருநாமம் வாய்த்ததோ என்று எண்ணத் தோன்றும். ஏனெனில், மனம் பேதலித்தவர்களையும் மனச்சோர்வில் ஆழ்ந்தவர்களையும் உறவினர்கள் அழைத்து வந்து, ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள் தங்கவைத்து, பெருமாளின் திருவடியில் ஒப்படைக்கும் தலம் இது.

உச்சிக்காலத்தில் ஒரு காட்சி

உச்சிக்காலப் பூஜைக்குச் சற்று முன்னால் மண்டபத்தில் அமர்ந்திருப்போரைப் பார்த்தால் இந்தத் தலத்தின் இயல்பு விளங்கும். திருமண மாலையின் வாட்டம் தீராத புதுத்தம்பதி ஒரு பக்கம். குலதெய்வ வழிபாட்டுக்காக வேன் வைத்து வந்த பெருங்குடும்பம் ஒரு பக்கம். அவர்களுக்கு நடுவே, எங்கோ பார்த்தபடி அமர்ந்திருக்கும் சிலர். அவர்கள் ஒவ்வொருவரின் அருகிலும் ஒரு தாய், ஒரு தம்பி, ஒரு மனைவி.

அப்படி ஒரு முதிய தம்பதி. கணவருக்கு எழுபதுக்கு மேல். நாற்பது ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் வீட்டில் பூஜை செய்தவர். துளசி பறிக்காமல் காபியைத் தொடமாட்டார். ஓராண்டாக அதெல்லாம் நின்றுவிட்டது. முதலில் தூக்கம் குறைந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, இருட்டில் உட்கார்ந்திருப்பார். பிறகு சாப்பாடு குறைந்தது. ஏகாதசி என்றார், சனிக்கிழமை என்றார், விரதம் என்ற சொல் அவருடைய பசியின்மைக்குத் திரையாயிற்று. கடைசியில் பூஜை அறையின் கதவைத் திறப்பதும் நின்றது. "சாமி என்னை விட்டுப் போயிடுச்சு" என்று ஒரே ஒருமுறை மனைவியிடம் சொன்னார். அதன்பின் அதைப் பற்றியும் பேசவில்லை.

மண்டபத்தில் மனைவி அவருடைய கைகளைச் சேர்த்துவைத்து, "ஏங்க, ஒரு தடவை கும்பிடுங்க" என்று கெஞ்சினார். கைகள் மறுபடியும் மடியில் விழுந்தன. பக்கத்தில் மகனோடு அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், பல வாரங்களாக அங்கேயே இருப்பவர், மெதுவாகச் சொன்னார்: "அவரு கும்பிடாட்டி என்னம்மா? கும்பிடத்தான் நீங்க வந்திருக்கீங்களே. பெருமாள் அவரைப் பார்த்தாப் போதும்."

பூஜை முடிந்ததும் அர்ச்சகர் தீர்த்தம் எடுத்து வந்தார். அமர்ந்திருந்தவர்களின் முகத்தில் அதைத் தெளித்தார். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலுமாக நாள்தோறும் இருமுறை இது நடக்கிறது. தீர்த்தம் பெறுபவர் மந்திரம் சொல்ல வேண்டியதில்லை. கண் மூடித் தியானிக்க வேண்டியதில்லை. அங்கே இருந்தால் போதும். பக்தி செய்யும் வலிமைகூட இல்லாமற்போனவர்களுக்காக வகுக்கப்பட்ட வழிபாடு என்றே இதைச் சொல்லலாம்.

புற்று மூடிய பெருமாள்

ஸ்தல புராணம் இவ்வாறு கூறுகிறது. தால்பிய மகரிஷியின் சீடரான குணசீலர், திருமலையில் வேங்கடவனைத் தரிசித்து உள்ளம் உருகி, அந்தத் திருக்கோலத்தைத் தம் காவிரிக்கரை ஆசிரமத்திலேயே காண வேண்டும் என்று கடுந்தவம் இயற்றினார். பெருமாளும் அவ்வாறே காட்சி தந்து அங்கே எழுந்தருளினார். பின்னர் குருவின் அழைப்பை ஏற்றுப் பத்ரிகாசிரமம் செல்ல நேர்ந்தபோது, பூஜைப் பொறுப்பைச் சீடன் ஒருவனிடம் விட்டுச் சென்றார் முனிவர். காடு அடர்ந்தது, வன விலங்குகள் பெருகின, அஞ்சிய சீடன் அகன்றான். கவனிப்பாரற்ற பெருமாளின் திருமேனியைப் புற்று மூடிக்கொண்டது.

நெடுங்காலத்துக்குப் பின், ஞானவர்மன் என்னும் சோழ மன்னனின் பசுக்களிடம் பால் காணாமற்போகத் தொடங்கியது. மன்னன் தேடி வந்தான். அசரீரி வழிகாட்ட, புற்றின் மேல் பாலைச் சொரிந்தான். மண் கரைந்தது, பெருமாள் வெளிப்பட்டார்.

இந்த வரலாற்றை மனநோய் தீர்க்கும் தலத்தின் வரலாறாக வைத்துப் பார்க்கும்போது புதியதொரு பொருள் தோன்றுகிறது. புற்று மூடியபோது பெருமாள் அவ்விடத்தை விட்டுப் போய்விடவில்லை. உள்ளேதான் இருந்தார், பார்ப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை. மனச்சோர்வு என்னும் நோய் மனிதரை மூடுவதும் அப்படித்தான். நேற்று வரை சிரித்துப் பேசிய தந்தை, பேரனைத் தோளில் சுமந்த தாத்தா எங்கும் போய்விடவில்லை. மேலே மண் மூடியிருக்கிறது. அந்த மண்ணைக் கடப்பாரை கொண்டு மன்னன் இடிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு நோகாதபடி, பால் ஊற்றிக் கரைத்தான்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது கடப்பாரை வேலை. "உங்களுக்கு என்ன குறை? பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டாமா?" என்ற அறிவுரை அன்பிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால், கேட்பவருக்கு அது இன்னும் ஒரு குற்றச்சாட்டாகவே போய்ச் சேர்கிறது. குறை ஒன்றும் இல்லாதபோதும் மகிழ முடியவில்லையே என்ற குற்ற உணர்வுதான் அந்த நோயின் கூர்மையான முள். பக்தர்களுக்கு அந்த முள் இன்னும் ஆழமாகத் தைக்கிறது. நாமம் நாவில் ஏறவில்லை, கோயிலில் நின்றால் கண்ணீரும் வரவில்லை, ஆகவே தெய்வம் கைவிட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எதிலும் நாட்டம் அற்றுப்போவது மனச்சோர்வு நோயின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்று என்று மருத்துவம் சொல்கிறது. அந்த நாட்டத்துக்குள் பூஜையும் அடங்கும். சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்வு குறைவதைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை. மனம் மரத்துப்போவதும் அவ்வாறே.

கீதை காட்டும் பாடம்

பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்கு 'அர்ஜுன விஷாத யோகம்' என்று பெயர். விஷாதம் என்றால் துயரம், மனம் தளர்தல். கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் நழுவுகிறது, நிற்கவும் முடியவில்லை என்று பெருவீரனான அர்ஜுனன் தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகிறான். அப்போது கண்ணன் முதலில் சொன்னது, நம் வீடுகளில் சொல்லப்படுவதைப் போன்ற சொற்களே: பேடித்தனம் வேண்டாம், எழுந்திரு என்கிறான். அர்ஜுனன் எழுந்திருக்கவில்லை, போரிட மாட்டேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகிறான். அதன் பிறகே முறுவலோடு பகவான் பேசத் தொடங்குகிறார். பதினெட்டாம் அத்தியாயம் வரை, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்கிறார். தேரை விட்டு இறங்கவே இல்லை. 'எழுந்திரு' என்ற ஒரு சொல்லில் தீராத துயரம், உடன் அமர்ந்திருந்த பொறுமையில் தீர்ந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

திருவதிகையில் நடந்ததும் இதுவே. சூலை நோயால் வயிற்றில் கொடுந்துன்பம் அடைந்த மருள்நீக்கியார், தம் தமக்கையார் திலகவதியாரைத் தேடி இரவில் வந்து காலில் விழுந்தார். சமயம் மாறிச் சென்ற தம்பியை அந்த அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்து, வைகறையில் திருக்கோயிலைப் பெருக்கி மெழுகச் செல்லும்போது தம்மோடு அழைத்துச் சென்றார். அவர்தாம் பின்னாளில் நமக்குத் திருநாவுக்கரசர். அந்த நோய் உடலைப் பற்றியது. ஆயினும் நோயுற்றவரைக் கடவுளிடம் கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும் என்ற பாடம் எல்லா நோய்க்கும் பொது. திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பணிவிடை செய்பவரையும் நான்காவதாகச் சேர்த்தே மருத்துவம் என்கிறார்.

விளக்கும் மருந்தும்

குணசீலத்தின் சிறப்பு, இந்த நான்கையும் ஓரிடத்தில் சேர்த்திருப்பது. கோயிலைச் சார்ந்து, அரசின் உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு இல்லம் இங்கே இயங்குகிறது. மனநல மருத்துவரின் கவனிப்பும் உண்டு. தீர்த்தமும் மாத்திரையும் இங்கே ஒன்றுக்கொன்று பகையாகவில்லை.

இதன் அருமை விளங்க வேண்டுமானால் ஒரு துயரத்தையும் நினைவுகூர வேண்டும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட முடியாமல் மடிந்தனர். 28 உயிர்கள் போயின. அந்தக் குற்றம் எந்த வழிபாட்டுத் தலத்தையும் சாராது. நம்பிக்கையோடு அழைத்து வந்தவர்களை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போவதும், அவர்களைக் கட்டிவைத்துப் பராமரிப்பு என்று பெயரிடுவதும்தான் குற்றம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்கிறது.

கோயிலில் தங்குவதால் உண்மையில் நன்மை உண்டா என்று மருத்துவ உலகமும் ஆராய்ந்திருக்கிறது. தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரின் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைப் பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அவர்கள் பெரும்பாலும் தீவிர மனச்சிதைவு நோய் கொண்டவர்கள். சராசரியாக ஆறு வாரங்கள் தங்கினார்கள். ஒவ்வொருவருடனும் குடும்பத்தார் ஒருவர் இருந்தார். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. பல மருந்துகள் தரும் பலனுக்கு இது ஒப்பானது என்று குறிப்பிட்ட ஆய்வாளர்கள், அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே இதற்குக் காரணம் என்று கருதினர். சிறிய ஆய்வுதான், கோயிலுக்கு வராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படவும் இல்லை. ஆகவே, கோயில் இருக்க மருந்து எதற்கு என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. அன்பான சூழலுக்கும் ஒழுங்கான நாட்களுக்கும் ஆற்றல் உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம்.

'குணம்' என்ற சொல்லுக்குத் தமிழில் நோய் நீங்குதல் என்றும் பொருள் உண்டு. 'சீலம்' என்றால் ஒழுக்கம், நியமம். விடியலில் எழுதல், நதியில் நீராடுதல், வேளைக்கு உணவு, நண்பகலிலும் இரவிலும் ஆலய தரிசனம், பிறரோடு சேர்ந்து அமர்தல் ஆகியவற்றால் ஆனது மண்டல நியமம். மனச்சோர்வு குலைத்துப்போடுவது இந்த நியமத்தைத்தான். அதை மீட்டுக் கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. இன்னொரு பொருத்தமும் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் உட்கொண்ட மறுநாளே வேலை செய்வதில்லை. நல்ல பலன் தெரியச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து நிறுத்திவிடுபவர்கள் பலர். ஒரு மண்டலம் காத்திருக்கப் பழகிய பக்தருக்கு அந்தப் பொறுமை புதிதல்ல.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குணசீலத்துக்குப் புறப்படும் முன்பும், சென்று திரும்பிய பின்பும் குடும்பத்தார் மனத்தில் இருத்த வேண்டியவை சில உண்டு.

முதியவர் ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம், பசி, பேச்சு, ஆர்வம் ஆகியவற்றில் குறைந்துகொண்டே வந்தால், அதை வயதின் தன்மை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, வேறு நோய்க்கு உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவையும் மனச்சோர்வைத் தோற்றுவிக்கலாம். காது கேட்காமல் பேச்சிலிருந்து ஒதுங்கியவர்களும் உண்டு. மறதி நோய் என்று அஞ்சியது மனச்சோர்வாக இருந்து, சிகிச்சையால் தெளிந்ததும் உண்டு. ஆகவே, பரிகாரம் எது என்று கேட்கும் அதே நாளில் மருத்துவரையும் கேட்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

விரத நாளென்று மாத்திரையை நிறுத்தலாகாது. உடல் தேறிவிட்டது, பெருமாள் காப்பார் என்று தாமாகவே கைவிடவும் கூடாது. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் முறைப்படியே நடக்க வேண்டும். பெருமாள் காப்பது அந்த மருத்துவர் வழியாகவும் இருக்கலாம் அல்லவா?

"பெருமாள் என்னைக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேங்கிறாரே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். நிறைவாழ்வு கண்டவர் மாலையில் மனநிறைவோடு சொல்வது ஒரு வகை. உறக்கமற்றவர், உணவைத் தள்ளியவர், யாருக்கும் பாரமாகிவிட்டோம் என்று கலங்குபவர் அதையே சொன்னால் அது வேறு வகை. அந்த இரண்டாவதைக் கேட்டவர் வெற்றிலைப் பெட்டியை எடுக்கப் போனதுபோல் நகர்ந்துவிடக் கூடாது. அருகில் அமர்ந்து, உயிரை விட்டுவிட எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, பாரம் குறையும். அத்தகைய வேளையில் அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மண்டலம் நிறைவுறும் வேளை

முன்னே கண்ட அந்த முதிய தம்பதி, ஊரில் அரசு மருத்துவமனையில் காட்டி, மாத்திரை தொடங்கிய பிறகே குணசீலத்துக்கு வந்திருந்தார்கள். நாள்தோறும் இருமுறை மண்டபத்தில் அமர்ந்தார்கள். மனைவி கும்பிட்டார், கணவர் இருந்தார். ஒரு வாரத்துக்குப் பின் அவர் கைகளைச் சேர்த்துவைப்பதையும் அம்மையார் விட்டுவிட்டார். இரண்டு வாரங்கள் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரத்தில் விடியற்காலை ஐந்து மணி வரை உறங்கினார்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள், அர்த்தஜாமத் தீர்த்தம் முகத்தில் பட்டதும் துண்டால் துடைத்துக்கொண்டு, மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அம்மையார் அதை அந்த மூதாட்டியிடம் சொல்லும்போது அழுதார். பல மாதங்களுக்குப் பின் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. நோய் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. மாத்திரையும் மருத்துவரும் இன்னும் நெடுநாள் தொடர வேண்டும். ஆனால், புற்றில் ஓரிடத்தில் மண் கரைந்திருந்தது. உள்ளே இருந்தவர் தெரிந்தார்.

மூதாட்டியின் மகன் அப்போதும் எங்கோ பார்த்தபடிதான் இருந்தான். அவர் அவனுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "நம்மளுக்கும் நாள் வரும்டா" என்றார். பிறகு அவனுக்குமாகச் சேர்த்துத் தாமே கைகூப்பினார்.

கலங்கியவர்களுக்கும், கலங்கியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பிரசன்ன வேங்கடவன் தெளிவைத் தந்தருள்வானாக.

செல்லும் வழி: திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முசிறி, நாமக்கல் செல்லும் சாலையில் குணசீலம் உள்ளது. புரட்டாசியில் பிரம்மோற்சவம் சிறப்பாக நடைபெறும். அந்நாட்களில் கூட்டம் மிகுதி. மனநலம் குன்றியவரை அழைத்துச் செல்வோர், கூட்டம் குறைந்த நாட்களைத் தேர்ந்துகொள்வதும், மருத்துவச் சீட்டையும் மாத்திரைகளையும் தவறாமல் எடுத்துச் செல்வதும், கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே விவரம் கேட்டுக்கொள்வதும் நலம்.